வண்டி தள்ளக் கூப்பிட்டவர்

ஏரவாடாவில் நாங்கள் குடிவந்த புதிதில், எதிர்வீட்டு ஸ்கூட்டரைப் போல ஓட்டை வண்டி பூனாவிலேயே வேறு இருக்காது என்று நினைத்திருந்தேன். பச்சை நிறம். முன்னால் மாரியம்மன் ஸ்டிக்கர், பின்னால் கணபதி ஸ்டிக்கர். சீட்டு கிழிந்து, அதன்மேல் ரெக்சின் தைத்து, அதுவும் கிழிந்து, கடைசியில் சாக்கு சுற்றிக் கட்டியிருக்கும். அந்த வண்டிக்காரர் அடிக்கடி என் வாசலில் வந்து நிற்பார்.

“தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆவல. கொஞ்சம் தள்ளி வுடு வா.”

காலையில் அதே வண்டி ஒரே உதையில் கிளம்பும். மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போவார். சாயங்காலம் மட்டும் அதற்கு என்ன நோவு வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். திருவண்ணாமலைப் பக்கம். சாகணில் கார்களுக்குப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் ஏறிப் போய் வருவதற்குள் இடுப்பு விட்டுப் போகும். எங்கள் மகள் வள்ளிக்குப் பேச்சு கிடையாது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் என்றால் அவளுக்கு உயிர். முருகன் கொடுத்த குழந்தை, அவன் வள்ளியின் பேர் வைத்த குழந்தை என்று காலையில் திருநீறு பூசும்போது நினைப்பேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் அந்த நினைப்பு எங்கே போகும் என்று தெரியாது.

எதிர்வீட்டுக்காரர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா காலத்திலேயே பூனாவுக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழில் ஆரம்பித்து, இந்தியில் திரும்பி, மராட்டியில் போய் நிற்பார். மனைவி இறந்துவிட்டார். மகன் ராஜா ஆறடி வாலிபன், மனசு மட்டும் மூன்று வயசு. அந்த மகனைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சவரம் செய்துவிடுவது எல்லாம் அவர்தான். அவர் பேரைச் சொன்னால் எங்கள் லைன் வீடுகளில் இன்றும் எல்லோருக்கும் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. விட்டுவிடுகிறேன்.

முதல் தடவை அவர் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் லைனில் தண்ணீர் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் வரும். என் மனைவி வரிசையில் நின்று பிடித்து நிரப்பிய டிரம்மை வள்ளி சாய்த்துவிட்டாள். அரிசிச் சாக்கு, பாய், சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்த துணி எல்லாம் நனைந்தது. அவள் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்து கை தட்டிச் சிரித்தாள். நான் கத்திய கத்தல் லைன் கடைசி வரை கேட்டிருக்கும். விளக்குமாறு என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. மனைவி குறுக்கே விழுந்து பிள்ளையை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம். அவர் என் கையைப் பார்க்கவில்லை, அழுகிற என் மனைவியையும் பிள்ளையையும் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார்.

“தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆவல.”

“இப்ப முடியாதுண்ணே.”

“இப்பதான் வேணும். ராஜாவுக்கு மாத்திரை தீந்துபோச்சி. சல், சல், கெளம்பு.”

மாத்திரை என்றதும் என்ன சொல்வது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் போனேன். எங்கள் சந்து அரசமரம் வரைக்கும் மேடு. அவர் மகாராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் குனிந்து தள்ளினேன். “இன்னும் கொஞ்சம் வேகமா. இப்ப புடிக்கும் பாரு. அரே, சோறு துன்னியா இல்லியா?” மரத்தடிக்குப் போவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. அங்கே டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, ஒரு உதை உதைத்தார். கிளம்பிவிட்டது. என்னைப் பின்னால் ஏற்றி வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

உள்ளே மனைவி தரையைத் துடைத்து முடித்திருந்தாள். வள்ளி தூங்கியிருந்தாள். என் கோபம் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. அவர் மாத்திரை வாங்கப் போகாமல் வீட்டுக்குள் போனதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

இப்படி எத்தனையோ தடவை. ஒருநாள் மரத்தடியில் அவர் டீ சொல்லப் போனபோது, நாமே பார்த்துச் சரி செய்து கொடுத்துவிடலாமே என்று வண்டிப் பக்கம் குனிந்தேன். சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டேப் மூடியிருந்தது.

“அண்ணே, டேப் மூடியிருக்கு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நாந்தான மூடுனேன்.” டீயை என் கையில் கொடுத்தார். “டெய்லி சந்து முனையிலயே மூடிடுவேன். வீட்டுக்கு வர்றதுக்குள்ள உள்ள இருக்கிறது காஞ்சிடும். அப்புறம் நீ பூனா பூரா தள்ளுனாலும் புடிக்காது. இங்க வந்து சாய்க்கிற சாக்குல தொறந்துடுவேன்.”

லைன் முழுக்கப் பார்க்க இத்தனை நாள் என்னைக் கோமாளி ஆக்கியிருக்கிறாரே என்று அவர் மேலேயே கோபம் வந்தது. “என்னைப் பைத்தியக்காரன்னு நெனச்சிங்களா?” என்றேன்.

“இல்ல தம்பி. அப்பன்னு நெனச்சேன்.”

டீயைக் குடித்தேன்.

பூனா கேம்ப் பக்கத்தில் ராஜா போகிற சிறப்புப் பள்ளிக்கூடத்தில், இந்த மாதிரிப் பிள்ளைகளின் பெற்றோரை மாதம் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டுப் பேசுவார்கள். என்னையும் அவர் இழுத்துக்கொண்டு போனார். சனிக்கிழமை எனக்கு விரதம், வெறும் வயிற்றில் வர மாட்டேன் என்றேன். கோவமும் வெறும் வயித்துலதான் வருது, வா என்றார். அங்கே ஒரு மேடம் கோபத்தைப் பற்றிப் பேசினார். கோபம் வருவதைத் தப்பு என்று அவர் சொல்லவில்லை. வரும் என்றார், தூக்கமில்லாதவர்களுக்கு எல்லோருக்கும் வரும் என்றார். வருகிறது என்று தெரிந்ததும் பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அந்த அறையை விட்டு வெளியே போய்விடுங்கள் என்றார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பன், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர் போல இருந்தார், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். காரில் வருகிறவனுக்கும் இதுதானா என்று எனக்கு இருந்தது.

திரும்பி வரும்போது எதிர்வீட்டுக்காரர் சொன்னார். “அந்தம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரி. ரூமை வுட்டு வெளிய போ. நமக்கு இருக்கிறதே ஒரு ரூம். அத வுட்டு வெளிய வந்தா ரோடு. லுங்கியோட ரோட்ல நின்னா நாலு பேர் என்னா ஏதுன்னு கேப்பான். மானம் போவுதுன்னு திரும்ப உள்ள பூந்துடுவோம். உள்ள பூந்தா முடிஞ்சிது. ஆம்பள வெளிய நிக்கிறதுக்கு ஒரு வேலை வேணும்ல. அதான் வண்டி.”

எனக்கு மட்டும் இல்லை. பின் சந்தில் பெயிண்ட் அடிக்கிற ஒரு மராட்டிக்காரர் இருந்தார். அவர் பையனுக்குக் கால் வராது. அவரையும் தள்ளச் சொல்லிக் கூப்பிடுவார். பெண்களிடம் வண்டி வேலைக்கு ஆகாது. என் மனைவியின் குரல் உயர்ந்தால் ராஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். “அம்மா, நீ இவனக் கொஞ்சம் பாத்துக்க. நான் வள்ளிய வச்சிக்கிறேன். மாத்திக்குவோம்” என்பார். “அடுத்தவன் புள்ள மேல இந்தக் கோவம் வராதும்மா. இது பெத்ததுங்க மேல மட்டும் வர்ற கோவம்.” அது உண்மைதான். ராஜா எங்கள் வீட்டில் தட்டைத் தூக்கி எறிந்தபோது என் மனைவி சிரித்துக்கொண்டே பொறுக்கினாள். வள்ளி எறிந்திருந்தால் சிரித்திருப்பாளா.

கோயிலுக்கு வருவார், உள்ளே வர மாட்டார். மணிச் சத்தம் ராஜாவுக்கு ஆகாது. இரண்டு பேரும் ரோட்டில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடியே கும்பிடுவார்கள். நான் வள்ளிக்குப் பேச்சு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு காவடி எடுத்த வருஷம், அவரிடம் பிரசாதம் கொடுத்துக் கேட்டேன், நீங்க என்னண்ணே வேண்டுவீங்க என்று.

“ராஜா மாறணும்னு வேண்டுறத வுட்டுட்டேன் தம்பி. இன்னிக்கு ஒரு நாள் என் கை அவன் மேல போவாம இருக்கணும். அவ்ளோதான். நாளைக்குள்ளத நாளைக்கு வந்து கேட்டுக்கிறேன்.”

ராஜாவின் இடது காது கேட்காது. பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். ஒரு மழைநாள், மரத்தடி டீக்கடையில் ஒதுங்கி நின்றபோது அவரே சொன்னார். மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அது நான் குடுத்தது. அவனுக்கு அப்ப வள்ளி வயசுதான். அவங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தா. அடிச்சதுல அவன் காதுலேர்ந்து ரத்தம் வந்திச்சி. நான் கத்துனதும் அவன் கத்துனதும் லைன்ல எல்லாருக்கும் கேட்டிச்சி தம்பி. பக்கத்து வீட்ல டிவி சத்தத்தக் கூட்டுனான். எனக்குக் கேட்டிச்சி, அவன் கூட்டுறது. ஒருத்தன் வந்து கதவத் தட்டியிருந்தா நின்னிருப்பேன். டீக்குச் சக்கர கேக்க வந்திருந்தாக்கூட நின்னிருப்பேன்.”

டீ ஆறிப்போயிற்று. அவர் அதைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியைச் சாய்த்தார்.

அந்த வருஷக் கணபதி விழாவை மட்டும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பூனாவில் பிள்ளையார் வந்தால் டோல் மேளம் வரும். பல நாள் முன்னாலிருந்தே பழகுவார்கள். நெஞ்சுக்குள் இடி இடிக்கிற மாதிரி இருக்கும். முருகனைக் கும்பிடுகிறவன் அண்ணனைக் குறை சொல்லலாமா. நானும் கொழுக்கட்டை படைத்துத் தேங்காய் உடைத்தவன்தான். ஆனால் அந்த நாட்களில் எங்கள் மாதிரி வீடுகளில் நடப்பது அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும். வள்ளி கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். காதில் பஞ்சு வைத்து, துப்பட்டா சுற்றி, மனைவியும் கூடவே படுத்துக்கொள்வாள். ராஜா சுவரில் முட்டிக்கொள்வான்.

எங்கள் சந்துப் பிள்ளையாரைக் கரைக்க எடுத்துப் போகிற பகல். டோல் கூட்டம் எங்கள் வாசலுக்கு நேராக நின்று அடித்துக்கொண்டிருந்தது. கதவு தட்டுவது காதில் விழவில்லை, கதவு அதிர்வதைப் பார்த்துத்தான் திறந்தேன். அவர் நின்றிருந்தார். பனியன் முழுக்க நனைந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

“தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆவல. தள்ளி வுடு வா.”

வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவர் காதருகில் குனிந்து, “இன்னிக்கு நான் கத்தவே இல்லியேண்ணே” என்றேன்.

அவர் என் காதில் வாயை வைத்து, “நான் கத்துனேன்” என்றார்.

குரல் உடைந்து காற்றாக வந்தது. “ராத்திரி பகலா கத்துறேன் தம்பி. யாருக்கும் கேக்காது. எனக்கே கேக்கல. அதான் நானே வந்தேன்.”

“ராஜா எங்கண்ணே?”

“உள்ள. வெளிய தாப்பா போட்டுட்டேன். ஒண்ணும் ஆவல.” மூச்சு வாங்கிக்கொண்டு, “இன்னும் ஆவல” என்றார்.

என் மனைவி கட்டிலடியிலிருந்து எழுந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வள்ளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நீங்க போங்க. நான் ராஜாகிட்ட இருக்கேன். என்னை அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்” என்று சொல்லிக் கூட்டத்துக்குள் புகுந்து எதிர்வீட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

எப்போதும் நிமிர்ந்து உட்காருகிறவர் அன்றைக்கு ஹாண்டில்பார் மேல் கவிழ்ந்துகொண்டார். கூட்டத்துக்கு எதிராகத் தள்ளினேன். காவித் தலைப்பாகை கட்டிய பையன்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவன், “காகா, பெட்ரோல் தீந்துபோச்சா?” என்று சித்தப்பா முறை வைத்து மராட்டியில் கேலி செய்தான். இன்னொருவன் அவர் வழுக்கைத் தலையில் குங்குமப் பொடியைத் தூவினான். நல்ல நாள் என்று நினைத்துத் தூவியிருப்பான். பிள்ளையாரப்பா, உனக்கு என்ன குறை வைத்தோம், இந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தப்பா என்று வாய்விட்டே சொன்னேன். டோல் நிற்கவில்லை.

அரசமரத்தடியில் இறங்கினார். இரண்டு கையையும் முன்னால் விரித்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்கு பலம் ஏறிட்டே போவுது. எனக்கு எறங்குது. என் கை ஓஞ்சிபோனா அவன் கதி என்னா? ஓயாம இருந்தா அவன் கதி என்னா? சொல்லு தம்பி.”

“இன்னொரு தடவ தள்ளட்டுமாண்ணே?” என்று மட்டும் கேட்டேன்.

“தள்ளு” என்றார்.

கீழே வரை போய்த் திருப்பி மறுபடியும் மேடு ஏற்றினேன். மறுபடியும். டோல் கூட்டம் ஆற்றுப் பக்கம் நகர்ந்துபோகும் வரை தள்ளினேன். நான் மேலே தள்ள முடியாமல் நின்றபோது அவரே இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார்.

வீட்டு வாசற்படியில் ராஜா உட்கார்ந்திருந்தான். என் மனைவி பின்னால் நின்று இரண்டு உள்ளங்கையாலும் அவன் காதுகளை, கேட்காத காதையும் சேர்த்து, மூடிக்கொண்டிருந்தாள். வள்ளி பக்கத்தில் தாழ்ப்பாளை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ராஜாவின் நெற்றி சுவரில் முட்டி வீங்கியிருந்தது. அவர் கிட்டே போனார். தொடவில்லை. தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, குனிந்து அந்த வீக்கத்தைப் பார்த்தார். ராஜா அவர் தலையில் இருந்த குங்குமத்தை விரலால் தொட்டுத் தன் கன்னத்தில் பூசிக்கொண்டான்.

அடுத்த கோடையில் அவரும் ராஜாவும் அரக்கோணத்தில் இருக்கிற அவர் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள். ஸ்கூட்டரை விட்டு ராஜா இறங்க மாட்டேன் என்றதால் அதுவும் லாரியில் போனது. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு போனான். முதலில் போன் வரும். வள்ளி தண்ணி கொட்டுறாளா என்று கேட்பார். பிறகு அந்த நம்பர் போகவில்லை. இருக்கிறாரா இல்லையா தெரியாது. வெள்ளிக்கிழமை இரண்டு பேர் பேரையும் சொல்லி ஒரு விளக்கு ஏற்றுகிறேன்.

வள்ளி வளர்ந்துவிட்டாள். இப்போது டிரம்மை மட்டும் இல்லை, என்னையே தள்ளிவிடுகிற பலம். பேச்சு வரவில்லை. என் கோபமும் போகவில்லை. எத்தனை விரதம் இருந்தும் போகவில்லை. நான் கத்துகிறபோது லைனில் டிவி சத்தம் கூடுவது இப்போது எனக்கும் கேட்கிறது.

அந்த எதிர்வீட்டில் இப்போது ஒரு மராட்டிக்காரர் குடியிருக்கிறார். ஆட்டோ ரிக்ஷா ஓட்டுகிறார், பெண்டாட்டியும் கைக்குழந்தையும் உண்டு. அவர் வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினேன். இதை ஒருவனிடம் எப்படிக் கேட்பது. ஒரு சாயங்காலம் வள்ளியின் கையில் என் விரல்கள் பதிந்திருந்ததைப் பார்த்த பிறகு போய்க் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். நான் கத்துவது கேட்டால், ரிக்ஷா ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ள வா என்று வந்து கூப்பிடுங்கள் என்று.

“என் ரிக்ஷா நல்லாத்தானே ஓடுது காகா” என்றார் அவர்.

உள்ளே இருந்த அவர் மனைவி என்னைப் பார்த்தாள். எழுந்து டிவியை அணைத்தாள். அவரிடம் மராட்டியில் என்னவோ மெதுவாகச் சொன்னாள்.

போன வாரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. என் கையில் சப்பாத்திக் கட்டை இருந்தது. வள்ளி மூலையில் இருந்தாள்.

“காகா, ரிக்ஷா நின்னுபோச்சு. கொஞ்சம் தள்ளுங்க.”

கட்டையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். ரிக்ஷா வாசலில் நின்றிருந்தது. என்ஜினை அணைக்க மறந்துவிட்டார். டுடுடு என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சாவியைத் தேடினார்.

“இருக்கட்டும்” என்றேன்.

பின்னால் போய், குனிந்து, இரண்டு கையையும் வைத்துத் தள்ள ஆரம்பித்தேன்.